குருவி காட்டிய வழி

எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் சன்னலோரத்தில், மனித எலும்புக்கூட்டின் படத்திற்குப் பக்கத்தில், ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிறது. மேலூர்ப் பக்கத்தில் ஏதோ ஒரு கண்மாய்க்கரைப் பனைமரத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அது முழுக் கூடன்று. கவிழ்த்த தொப்பியைப் போல மேற்பாதி மட்டுமே இருக்கிறது. குழல்போல் நீண்டு தொங்க வேண்டிய வாசலைக் காணோம். காற்றில் அறுந்துபோன கூடு என்றே ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் எண்ணி வந்தோம். அந்த எண்ணம் தவறு என்பது இவ்வாண்டுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதைத் தெரிவித்தவர் 1987-ஆம் ஆண்டிலேயே இவ்வுலக வாழ்வை நீத்த ஒரு பெரியவர். பறவை மனிதர் என்று பாரதம் போற்றும் டாக்டர் சலீம் அலி அவர்களே அவர்.

கோயம்புத்தூருக்கு வடமேற்கே, நீலகிரி மலையடிவாரத்தில், கேரள எல்லையை ஒட்டி ஆனைகட்டி என்றோர் ஊர் உண்டு. அங்கே அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு மையம் விளங்குகிறது. பெரிய மனிதர்களின் பெயரைச் சாலைக்கும் சிலைக்கும் சூட்டுவது வழக்கம். ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கே பெயராகும்படி வாழ்ந்த ஒருவர் பள்ளியில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருப்பார் என்று எங்களுள் ஒரு பேச்சு எழுந்தது. பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியருக்கு வேறென்ன தோன்றும்? அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வீட்டில் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் பிள்ளைப்பேறில்லாத அவர்தம் மனைவி ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளைத் தம் குழந்தைகளாகவே எடுத்து வளர்த்தனர். பெற்றோரில்லாக் குறை தெரியாமல் அவ்வில்லத்தில் அன்பு நிறைந்திருந்தது.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. வீட்டைச் சுற்றித் திரியும் சிட்டுக்குருவிகளைச் சுடுவது அன்று பல சிறுவர்களின் விளையாட்டு. ஒரு நாள் சலீம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்றிய ஓர் அடையாளம் இருந்தது. சிறுவன் அதைச் சமையலறைக்கு அனுப்பாமல் மாமாவிடம் எடுத்துச் சென்றான். அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. எதையாவது சொல்லிச் சிறுவனை அனுப்பி வைக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு துரையிடம் அவனை அனுப்பினார் அந்த நல்ல மாமா. 1883-இல் நிறுவப்பெற்ற அக்கழகம் அந்நாளில் பெரும்பாலும் வெள்ளையர்களின் கழகம். காகிதத்தில் பொதிந்த செத்த குருவியோடு நடுங்கிக்கொண்டே உள்ளே போன சிறுவனை மில்லார்டு விரட்டவில்லை. அது மஞ்சள் கழுத்துக் குருவி என்று சொன்னார். பேழைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். அன்று அந்தப் பேழைகளோடு ஒரு சிறுவனின் கண்களும் திறந்தன.

இனி அவருடைய படிப்பைப் பார்ப்போம். படிப்பில் அவர் சுமாரானவரே. இளமையில் ஓயாத தலைவலி அவரை வாட்டியது. உலர்ந்த காற்று நல்லதென்று சிந்து நாட்டிலிருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். 1913-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் அரும்பாடுபட்டுத் தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே இயற்கணிதமும் மடக்கையும் அவரை மடக்கிவிட்டன! முதலாண்டிலேயே கல்லூரியை விட்டு விலகினார். மடக்கை என்ற சொல்லுக்கு எங்கள் வகுப்பில் எழும் பெருமூச்சு இதைப் படித்தபோது சற்றுத் தணிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு பர்மாவிலுள்ள தவாய் என்னும் இடத்திற்குச் சென்று, குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். தொழிலைக் காட்டிலும் காடே அவரை ஈர்த்தது. 1917-இல் பம்பாய் திரும்பி, வணிகக் கல்லூரி ஒன்றில் கணக்கியல் பயிலத் தொடங்கினார். இவ்விடத்தில் நம் போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவியர் பெருமையோடு நினைக்கத்தக்க ஒருவர் அவர் வாழ்வில் வருகிறார். சுவிட்சர்லாந்து நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குருவும் சிறந்த தாவரவியல் அறிஞருமான எத்தல்பர்ட் பிளாட்டர் அடிகளாரே அவர். தூய சவேரியார் கல்லூரியில் இன்றும் அவர் பெயரால் ஓர் உலர்தாவரக் காப்பகம் உள்ளது. இந்த இளைஞனின் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதை அடிகளார் கண்டுகொண்டார். விலங்கியல் படிக்கும்படி வற்புறுத்தினார். காலையில் கணக்கியல், பின்னர் விலங்கியல் என்று இரண்டையும் ஒருசேரப் படித்தார் சலீம் அலி. கணக்கில் தோற்று வெளியேறிய மாணவனை அதே கல்லூரி மீண்டும் அழைத்து அமர்த்திக்கொண்டது. ஆசிரியப் பெருமக்களுக்கு இதைவிட உயர்ந்த பணி உண்டோ? 1918-இல் அவருக்கும் தெஹ்மினா பேகம் அம்மையாருக்கும் திருமணம் நடந்தது.

ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் அவர் கையில் இல்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருவோருக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அதோடு மனம் அமையாமல் விடுப்பெடுத்து ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் எர்வின் ஸ்டிரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் பயின்றார். பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் இட்டு, அவை எங்கிருந்து எங்கே வலசை போகின்றன என்று அறியும் முறையையும் கற்றார். 1930-இல் நிறைந்த கல்வியோடு தாயகம் திரும்பினார். திரும்பிய இடத்தில் வேலை இல்லை. பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

முப்பத்து மூன்று வயது; மனைவி உண்டு; வருமானம் இல்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அப்பால் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்த ஓர் எளிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். வேலையில்லாமல் வந்து சேர்ந்த அந்த ஊரில்தான், எங்கள் அறிவியல் கூடத்துக் கூட்டின் மர்மம் விளங்கிற்று.

வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் முழுதும் சலீம் அலி ஒவ்வொரு நாளும் அவற்றைப் பொறுமையாகக் கவனித்துக் குறிப்பெழுதினார். ஆண் குருவிதான் கூடு கட்டுகிறது. புல்லையும் ஓலையையும் நார் நாராகக் கிழித்து வந்து பின்னி, பாதிக் கூடு ஆனதும், அதாவது தொப்பி போன்ற நிலை வந்ததும், நிறுத்திக்கொள்கிறது. அப்போது பெட்டைக் குருவிகள் கூட்டமாய் வந்து, கூடுகளை ஒவ்வொன்றாக இழுத்தும் குத்தியும் சோதிக்கின்றன. ஒரு பெட்டைக்குக் கூடு பிடித்துவிட்டால் அது அங்கே குடியேறும். அதன் பிறகே ஆண் குருவி கீழ்ப்பகுதியையும் குழல் வாசலையும் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். பெட்டைகளுக்குப் பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுபோகும். ஆகவே எங்கள் சன்னலோரத்துக் கூடு காற்றில் அறுந்ததன்று. கட்டியவன் பாதியில் நிறுத்திய கூடு அது. நூற்றாண்டுக் கணக்கில் எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கிய ஒன்றை, வேலையில்லாத ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்ததால் உலகம் அறிந்தது.

அதன்பின் அவர் ஒரு வழி கண்டார். சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் முகாம் செலவும் தந்தால் போதும், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று சமஸ்தானங்களுக்கு எழுதினார். ஐதராபாத் இசைந்தது. 1933-இல் திருவாங்கூரும் கொச்சியும் இசைந்தன. நம் பகுதிக்கு மேற்கே நிற்கும் மலைகளின் அப்புறத்துச் சரிவுகளில் அவர் நடந்தார். நீலகிரியிலுள்ள கோத்தகிரியிலும் சில மாதங்கள் தங்கியிருந்தார். மாட்டு வண்டியும் கூடாரமுமான அந்தக் கடின வாழ்க்கையில் தெஹ்மினா அம்மையார் முகம் சுளிக்காமல் உடன் சென்றார். 1939-இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்பாராமல் அவர் இறந்துபோனார். அத்துயரம் சலீம் அலியை உலுக்கிவிட்டது. தம் தமக்கை வீட்டில் தங்கி, பறவைப் பணியிலேயே ஆறுதல் தேடினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு எளிய நடையில் அமைந்த அந்நூலைச் சிறையிலிருந்த ஜவகர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு அனுப்பி வைத்தார். பறவைகளை அதுவரை கவனித்திராத அந்த இளம்பெண்ணுக்கு ஒரு புதிய உலகம் புலனாயிற்று. பிற்காலத்தில் அவர் பிரதமரானபோது, சலீம் அலியின் கோரிக்கைகள் டில்லியில் செவிமடுக்கப்பட்டதற்கு அந்தச் சிறைப் பரிசும் ஒரு காரணம் ஆகலாம். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டத்திலிருந்து காக்கக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 1984-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து, 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் அனைத்தையும் விளக்கும் பெருநூலை வெளியிட்டார். கடைசித் தொகுதி வந்தபோது அவர் எழுபத்தேழு வயதைக் கடந்திருந்தார்.

நம் தமிழகத்துக் கோடியக்கரையும் அவருக்கு உகந்த இடம். கடல் கடந்து வரும் பறவைகள் அங்கே ஆயிரமாயிரமாய்த் தங்குவதை அவர் கண்டு சொன்னார். 1967-இல் அது சரணாலயமாக்கப்பட்டது. அங்கே பம்பாய்க் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்டு வலசைப் பாதைகளை ஆராய்ந்தனர். அவர் தம் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் பறவையை அறிய அதுவே வழியாக இருந்தது. சுட்டு அறிந்த காலத்திலிருந்து, வளையமிட்டு உயிரோடு விட்டு அறியும் காலத்துக்கு நாட்டை அழைத்து வந்தவர்களுள் அவரே முதல்வர்.

பெரியோரின் புகழை மட்டும் எழுதுவது எளிது. அவர் தவறிய ஓர் இடத்தையும் எழுத வேண்டும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னார்கள். தேடினோம், கிடைத்தது.

இராஜஸ்தானத்தில் பரத்பூர் என்னுமிடத்தில் ஒரு நீர்ப்பறவைச் சரணாலயம் இருக்கிறது. முன்பு அது மன்னர்களின் வேட்டைக்களம். 1938-இல் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாக அங்குள்ள கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் களத்தைப் பறவைகளின் புகலிடமாக்கப் பாடுபட்டவர் சலீம் அலி. எருமைகள் மேய்வதால் நீர்நிலை கெடுகிறது, ஆகவே மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்று அவரும் கருதினார். 1982-இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த கிராமத்தார் கொதித்தெழுந்தனர். காவல்துறை சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளின் பெயரால் மனித உயிர் போயிற்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் வியப்பு. எருமைகள் மேயாததால் தண்ணீர்ப் புல் மண்டி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. நீந்தவும் மீன் பிடிக்கவும் இடமின்றிப் பல பறவைகள் குறையத் தொடங்கின. இதைக் கண்டறிந்தவர்கள் சலீம் அலியின் எதிரிகள் அல்லர். அவருடைய பம்பாய்க் கழகமே 1980 முதல் பத்தாண்டுகள் அங்கே ஆய்வு நடத்தி, எருமையின் மேய்ச்சல் நீர்நிலைக்கு நன்மையே செய்தது என்ற முடிவுக்கு வந்தது. குருநாதரின் கருத்துக்கு மாறான முடிவை அவருடைய கழகத்தாரே எழுதி வைத்தனர். இறுதி அறிக்கை வருமுன் சலீம் அலி மறைந்துவிட்டார். ஆனால் கண்ணால் கண்டதை உள்ளபடி எழுத வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் கற்பித்ததையே அவர்கள் செய்தார்கள். எவ்வளவு பெரியவர் சொன்னாலும் மறுபடி சென்று பார்த்தே தீரவேண்டும். பார்க்கும் முன்பே ஏழைகளின் பிழைப்பில் கை வைத்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் பரத்பூர் எங்களுக்குக் கற்பித்தது.

அந்த ஆய்வை நடத்திய வி. எஸ். விஜயன் அவர்களே, சலீம் அலியின் நினைவாக 1990-இல் கோவையில் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தின் முதல் இயக்குநர் ஆனார். மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சின் ஆதரவில் எழுந்த அம்மையம், பின்னர் ஆனைகட்டியின் குன்றுகளுக்கிடையே தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. பறவைகளை மட்டுமல்ல, அவை வாழும் ஏரி குளங்களையும் காடுகளையும் சேர்த்தே அங்கே ஆராய்கிறார்கள். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து பறவையின் உடலில் எவ்வளவு சேருகிறது என்று அளக்கிறார்கள். அந்தமான் தீவுகளின் உழவாரக் குருவிகளையும் மேற்கு மலைகளின் சோலை மந்திகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இளம் ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து டாக்டர் பட்டம் பெறுகிறார்கள். பட்டமில்லை என்று வேலை மறுக்கப்பட்டவரின் பெயரால் பட்டங்கள் வழங்கப்பெறுவது காலத்தின் விந்தையல்லவா! அண்மையில் அம்மையம் டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, அதன் தென்னிந்திய மையமாக இயங்குகிறது.

மதுரைச் சீமைக்கும் அவருக்கும் ஒரு சிறப்பான தொடர்பு உண்டு. அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலையில், 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினார். அது சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு ஒட்டிப் பேழைக்குள் வைத்துவிட்டார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். பல்லும் மண்டையும் வேறாக இருந்தன. உலகம் அறியாத புதிய இனம் அது! அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார். சலீம் அலி பழந்தின்னி வௌவால் தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்து அதைக் காக்கிறார்கள். அது வாழும் மேகமலையும் 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. தவறான சீட்டோடு ஒரு பேழையில் காத்திருந்த அந்த வௌவாலை நினைக்கும்போது, எங்கள் அறிவியல் கூடத்துக் கூடும் எங்களுக்கு நினைவு வருகிறது.

பத்ம பூஷண், பத்ம விபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன. ஜே. பால் கெட்டி பரிசாகக் கிடைத்த பெருந்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு, ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பரம தந்தை அறியாமல் ஒரு குருவியும் தரையில் விழுவதில்லை என்று நம் ஆண்டவர் போதித்தது எங்கள் நினைவுக்கு வந்தது. பம்பாயில் அன்று விழுந்த ஒரு குருவி, எத்தனை கோடிப் பறவைகளுக்குக் காவலாயிற்று! 1987-இல், தொண்ணூறு வயது நிறைந்தவராய்ச் சலீம் அலி கண் மூடினார்.

அன்புத் தோழியரே, மதுரையைச் சுற்றிலும் கண்மாய்கள் உண்டு. மழை பெய்து நீர் நிறைந்தால் கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் வந்து சேரும். சற்றுத் தெற்கே சென்றால் இராமநாதபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டவை. பேருந்தின் சன்னலிலிருந்து நாம் நாள்தோறும் பார்த்தும் பாராமல் போகும் பனைமரத்தில் யாரும் இன்னும் கவனித்திராத ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் வகுப்பு ஒரு சிறு முடிவு செய்துள்ளது. சன்னலோரத்துக் கூட்டுக்குக் கீழே இதுவரை தூக்கணாங்குருவிக் கூடு என்று மட்டுமே எழுதியிருந்தது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டு, பாதியில் நிற்கும் கூடு, ஆண் குருவி கட்டியது என்று புதிதாக எழுதி ஒட்டினோம். இனி வரும் ஆண்டுகளில் யாரும் கூட்டை மரத்திலிருந்து பறித்து வருவதில்லை என்றும், கண்மாய்க்கே சென்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வருவது என்றும் ஆசிரியையிடம் வாக்களித்தோம். அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டுவிட்டது. நாங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பின்னரும் தங்கைமார் அதைத் தொடர்ந்து எழுதுவார்களாக! அதில் எங்கள் பிழை ஏதேனும் கண்டால், தயங்காமல் திருத்துவார்களாக!